அடைமழை நாளில் வெயிலுள்ள நூல்

நாரணாபுரத்தாருக்கு வெயில்தான் கூலி. தீக்குச்சியும் பட்டாசும் நன்கு காய்ந்தால்தான் வேலை நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் கையோடு மனமும் முடங்கிவிடுகிறது. மூச்சிரைப்பாலோ மூட்டுவலியாலோ படுத்திருப்போருக்குப் பகல் மிக நீளமாகத் தோன்றும். அவர்களுக்கு மருந்துடன் ஒரு நல்ல நூலும் துணையிருக்கட்டும் என்பது எங்கள் கருத்து.

நமது கரிசல் வெயிலை விரும்புவோர் இடைசெவல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலை எடுக்கலாம். பழகிய மண்ணும் பேச்சும் அதில் உண்டு. களைத்தால் நிறுத்தி, மறுநாள் தொடரலாம். பூமணியின் ‘வெக்கை’யும் (1982) கரிசல் நாவலே. எனினும் அது கொலையும் தலைமறைவும் சொல்லும் கதை. உறக்கம் கெட்டிருப்போர் நலமடைந்த பின் படிப்பது நன்று.

தீக்காயமுற்றோருக்கு வெம்மை இதம் தராது. ‘கோபல்ல கிராம’த்திலேயே காட்டைத் தீயிட்டுத் திருத்தும் பகுதி வருகிறது. அவர்களுக்குச் சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியை ஒட்டிப் பயணம் செய்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’ பொருந்தும்.

ஆகவே, நூலைக் கொண்டுவருமுன் நோயாளியின் விருப்பத்தைக் கேளுங்கள். படிக்க இயலாதவருக்கு அருகிலமர்ந்து வாசித்துக் காட்டுங்கள். மனச்சோர்வும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், நூலை மட்டும் நம்பியிராமல் எங்களிடம் தெரிவியுங்கள். அதற்கும் மருத்துவம் உண்டு.