அஞ்சடியைத் தேடும் தாமான் வீடுகள்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த மூத்தவர்களிடம் பழைய வீட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அறைகளைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். அஞ்சடியைப் பற்றித் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. ரப்பர் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்த இடம் அது. மழை பிடித்துக்கொண்டு பால்வெட்டு இல்லாத நாளில் ஆண்கள் உட்கார்ந்து பேசிய இடம், பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த இடம், கல்யாணப் பேச்சும் சாவு வீட்டுக் கூட்டமும் நடந்த இடம் எல்லாம் அதுதான். உள்ளே இருந்தது படுக்கவும் சமைக்கவும் மட்டும் போதுமான இடம். வாழ்க்கை வெளியே, கூரை நீட்டத்தின் கீழேதான் நடந்தது.

அந்தச் சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, தெருவை ஒட்டிய வரிசைக் கட்டடங்களின் முன்னால் கூரையிட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். அது மலாயா நகரங்களுக்கும் பரவியது. மலாய்க்காரர்கள் அதைக் 'காக்கி லீமா' என்றார்கள். தமிழர்கள் 'அஞ்சடி' என்றார்கள். அளவே பெயராகிவிட்டது. தோட்டத்துத் தமிழ் அதே சொல்லை லயத்து வீட்டின் முன் தாழ்வாரத்துக்கும் வைத்துக்கொண்டது. ஊரில் விட்டு வந்த திண்ணைக்கு இங்கே கிடைத்த பெயர் அது. பக்கத்துக் கம்பத்து மலாய் வீட்டிலும் விருந்தாளியை உட்கார வைக்க 'செராம்பி' என்ற முன்கூடம் இருந்தது.

இன்று தோட்டங்கள் பல இல்லை. ரப்பரும் செம்பனையும் நின்ற மேடுகளில் பண்டார் ஸ்ரீ செண்டாயான், சிரம்பான் 2, நீலாயின் புதிய குடியிருப்புகள் என்று தாமான்கள் எழுந்துவிட்டன. லாபு, செண்டாயான், சுவா பெத்தோங், பிராட்வால் என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகள்தான் தாங்கி நிற்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 20 அடி அகலம், 65 அல்லது 70 அடி நீளம் கொண்ட டெரஸ் வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள். சாவி கைக்கு வந்த சில மாதங்களில் வீட்டில் எழும் முதல் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: முன்பக்கம் கொஞ்சம் இழுத்துப் போடலாமா?

இழுத்துப் போடுவது எளிது. எதைத் திறந்து விடுவது என்று முடிவு செய்வதுதான் கடினம். முன்வாசல் திட்டத்தில் முதலில் யோசிக்க வேண்டியதும் அதைத்தான்.

வரிசையின் நடுவில் இருக்கும் டெரஸ் வீட்டுக்கு இரண்டே வாய்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடமும் வலமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்பக்கத்தை ஏற்கெனவே சமையலறையாக நீட்டி மூடியிருந்தால், காற்றும் வெளிச்சமும் வர முன்பக்கம் ஒன்றுதான் மிச்சம். அதையும் சுவர் எழுப்பிக் கண்ணாடி போட்டு அடைத்தால், பகல் பன்னிரண்டு மணிக்கும் கூடத்தில் விளக்கு எரிய வேண்டியதுதான். 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைவிதிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. குடியிருக்கும் அறைக்கு வெளிச்சம் தரும் சன்னல் பரப்பு, தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. காற்று வரத் திறக்கும் பகுதி 5 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. 200 சதுர அடிக் கூடத்துக்கு 20 சதுர அடி சன்னல் வேண்டும், அதில் 10 சதுர அடியாவது திறக்க வேண்டும். அந்தச் சன்னலுக்கு முன்னால் கட்டப்போவது காற்றை மறிக்குமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பார்க்கும் வழி சுலபம். காண்ட்ராக்டரை அழைப்பதற்கு முன் ஒரு சுண்ணக்கட்டி போதும்.

ஒரு மாலை நேரத்தில் காரை வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அதைச் சுற்றித் தரையில் கோடு போட வேண்டும். பிறகு நான்கு கதவுகளையும் முழுக்கத் திறந்து, கதவு நுனி எட்டும் இடத்திலும் கோடு. கேட் உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அது வளைந்து வரும் பாதையும் கோடாக வேண்டும். மைவி கார் நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவு, அதாவது 13 அடிக்குள்; புரோட்டோன் சாகா சுமார் 4.3 மீட்டர். முன்வெளி 20 அடி ஆழம் என்றால் நீளத்துக்குச் சிக்கல் இல்லை. அகலத்தில்தான் சிக்கல். 20 அடி என்பது 6.1 மீட்டர். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு கார்களை நிறுத்தினால் அவை மட்டுமே ஏறக்குறைய மூன்றரை மீட்டரைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை மூன்று இடைவெளிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் மூன்றடிக்கும் குறைவு. கையில் அரிசி மூட்டையோடு பாட்டி அந்தச் சந்தில் நுழைந்து வர முடியுமா என்று நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். செருப்பு அடுக்கு, துளசி மாடம், துணிக் கொடி, வாசலில் கோலம் போடும் இடம், மாலையில் இரண்டு நாற்காலி போடும் இடம், எல்லாவற்றுக்கும் கோடு போட்ட பிறகே தூண் எங்கே நிற்கலாம் என்ற கேள்விக்கு வர வேண்டும். பல வீடுகளில் தூணை முதலில் நிறுத்திவிட்டு, கார்க் கதவை அதில் இடித்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள்.

அடுத்தது அனுமதி. 'என் வீடு, என் நிலம்' என்ற எண்ணத்தில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70ஆம் பிரிவில், உள்ளூர் மன்றத்தின் எழுத்துவழி அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது. ஏற்கெனவே உள்ள வீட்டோடு சேர்த்துக் கட்டுவதற்கும் அது பொருந்தும். மீறினால் அபராதமும் உண்டு, இடிக்கச் சொல்லும் ஆணையும் உண்டு. சிரம்பான், நீலாய் வட்டாரத்துக்குச் சிரம்பான் மாநகர் மன்றம். பழைய சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இணைந்து 2020 ஜனவரி 1 அன்று உருவான மன்றம் அது. போர்ட்டிக்சனுக்கும் ஜெம்போலுக்கும் தனித்தனி நகராண்மைக் கழகங்கள் உண்டு. எல்லைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது, கூரை மட்டும் போடுவதற்கு என்ன நடைமுறை, சுவரோடு கட்டுவதற்கு என்ன நடைமுறை என்பதை அந்தந்த மன்றத்தின் முகப்பிலேயே நேரில் கேட்பது நல்லது. அடுத்த தெருக்காரர் சொன்னார் என்று அளந்துவிடக் கூடாது. சுவரும் தூணும் வரும் வேலைக்குக் கட்டடக் கலைஞரோ பதிவு பெற்ற பிளான் வரைபவரோ வரைந்த பிளான் தேவைப்படும். பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் கடிதமும் பெரும்பாலும் கேட்கப்படும்.

புது வீடாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. மேம்பாட்டு நிறுவனத்திடம் வாங்கிய வீட்டுக்குச் சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் பழுது பொறுப்புக் காலம். அதற்குள் முன்பக்கத்தை உடைத்துக் கட்டினால், பிறகு சுவரில் விரிசல் வரும்போது அது யாருடைய குற்றம் என்ற வாக்குவாதம் வரும். பொறுத்திருப்பது நல்லது. முடியாவிட்டால் இருக்கும் பழுதுகளை எல்லாம் படம் எடுத்து, எழுதிக் கொடுத்து, சரி செய்து வாங்கிய பிறகு தொடங்கலாம்.

விரிசல் என்றதும் மண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும். தோட்டங்கள் இருந்தது மேடும் பள்ளமுமான நிலத்தில். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பித்தான் தாமான் மட்டமாகிறது. நிரப்பிய மண் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டின் பிரதானப் பகுதி பல இடங்களில் பைலிங் அடித்து, கெட்டி மண்ணைத் தொட்டு நிற்கிறது. முன்னால் நாம் சேர்க்கும் பகுதிக்கோ இரண்டு மூன்று அடி தோண்டி அடித்தளம் போட்டுவிடுகிறார்கள். வீடு இறங்காது, போர்ச் இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் முதலில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். பூசி வெள்ளை அடிப்பார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் விரல் நுழையும். பழைய சுவரில் கம்பியைக் குத்திப் புதிய பீமை இறுகக் கட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இறங்கும் போர்ச் வீட்டுச் சுவரையும் சேர்த்து இழுக்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் புதிய பகுதியை அதன் சொந்தத் தூண்களில் தனியாக நிறுத்தி, பழைய சுவருக்கும் அதற்கும் இடையே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு, அதை வளைந்து கொடுக்கும் பசையாலும் மேலே தகட்டாலும் மூடுகிறார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே முன்வெளியில் நிற்கும் குட்டைச் சுவர் கூரையைத் தாங்குவதற்காகக் கட்டியதல்ல. அதன்மேல் தூண் ஏற்றக்கூடாது. தூணும் அதன் அடித்தளமும் நம் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். கூரை நுனியும் அப்படித்தான். பிளானை மன்றத்துக்குக் கொண்டு போவதற்கு முன் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது நல்ல பழக்கம். "அண்ணே, இந்தப் பக்கம்தான் தூண் வருது, தண்ணி உங்க பக்கம் விழாது, ஒரு தடவை பார்த்துடுங்க" என்று அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னால் கையெழுத்தும் கிடைக்கும், உறவும் நிற்கும். நாளைக்கு அவரும் தன் பக்கம் இழுக்கும்போது இரண்டு கூரைகளின் உயரமும் ஒத்துப்போகும்.

தண்ணீர் உண்மையிலேயே பெரிய விஷயம். 20 அடிக்கு 20 அடி கூரையின்மேல் ஒரு மாலை மழை 50 மில்லிமீட்டர் பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 1,850 லிட்டர். 200 லிட்டர் டிரம்மில் ஒன்பதுக்கும் மேல். வீட்டின் பிரதானக் கூரையில் முன்பக்கச் சரிவில் ஓடும் தண்ணீரும் இதன்மேலேயே கொட்டுமானால் கணக்கு இன்னும் ஏறும். ஆகவே பீலியின் அகலமும் இறங்கு குழாயின் எண்ணிக்கையும் கூரையின் நிறத்தைவிட முக்கியம். பீலிக்குச் சரிவு இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். இறங்கு குழாய் தெரு ஓர வடிகாலான லோங்காங்குக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த லோங்காங்கைக் கான்கிரீட் போட்டு நிரந்தரமாக மூடவும் கூடாது. சுத்தம் செய்ய வழி வேண்டும். தண்ணீர் மீட்டர், மின்சார மீட்டர், கழிவுநீர்க் குழியின் மூடி ஆகியவையும் கைக்கு எட்டும்படியே இருக்க வேண்டும்.

கூரைக்கு எதைப் போடுவது என்பது வீடு பார்க்கும் திசையைப் பொறுத்தது. மேற்குப் பார்த்த வீட்டுக்குப் பாலிகார்பனேட் போட்டால் வெளிச்சம் வரும், கூடவே வெயிலின் சூடும் வரும். வெறும் தகரம் மழையில் பேச்சையே கேட்க விடாது. நுரை ஒட்டிய தகடு சூட்டையும் சத்தத்தையும் குறைக்கும். கான்கிரீட் தளம் உறுதியானது, ஆனால் அதன் எடை முழுவதும் மேலே சொன்ன நிரப்பு மண்ணின் தலையில் இறங்கும். பழைய மலிவு விலை வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருக்கக்கூடும். இணைக்கும்போது அதை மெஷின் வைத்து அறுத்தால் பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. உடைக்காமல் கழற்றி அகற்றத் தெரிந்த ஆளிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

பணம் கொடுப்பதிலும் திட்டம் வேண்டும். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு பெற்ற குத்தகையாளர்தானா என்று பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்டு, கம்பியின் தடிப்பு முதல் பெயிண்ட் எத்தனை கோட்டிங் என்பது வரை எழுத்தில் வாங்க வேண்டும். முன்பணத்தைச் சிறிதாக வைத்து, அடித்தளம், தூண், கூரை என வேலை முடிய முடியக் கொடுப்பது பாதுகாப்பு. வாங்கிய பணத்தோடு ஆள் காணாமல் போனால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் கையில் ரசீதும் ஒப்பந்தமும் இருந்தால்தான் அங்கே பேச முடியும்.

கடைசித் தவணையை முதல் பெருமழை வரை பிடித்து வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். அந்த மழை வரும் மாலையில் காரை வெளியே நிறுத்திவிட்டு, அஞ்சடியில் நாற்காலி போட்டு வீட்டார் எல்லோரும் உட்காரலாம். டார்ச் அடித்து, பழைய சுவரும் புதுக் கூரையும் சேரும் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்க்க வேண்டும். பீலி நிரம்பி வழிகிறதா, பக்கத்து வீட்டுப் பக்கம் சொட்டுகிறதா, தரையில் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று பிள்ளைகளைக் கொண்டே சுண்ணக்கட்டியால் குறிக்கச் சொல்லலாம். மறுநாள் காலையில் குத்தகையாளருக்குக் காட்ட அந்தக் கோடுகள் இருக்கும்.