தண்ணி ஒத்துக்கலையா, மருந்து தீர்ந்துபோச்சா?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் ஆயர் தாவாரிலும் சித்தியவானிலும் "ஊருக்குப் போயிட்டு வரோம்" என்ற பேச்சுத்தான். வேலை ஓய்வு பெற்று சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், பழனியையும் இராமேஸ்வரத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. நல்ல ஆசை, போய் வாருங்கள். ஆனால் போன இடத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலே" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

வெளிநாட்டில் இறந்த பயணிகளைப் பற்றிப் பல நாடுகளில் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வயதானவர்களை அதிகம் கொண்டுபோனது மாரடைப்பு முதலான இருதய நோய். இளையவர்களைக் கொண்டுபோனது சாலை விபத்தும் நீரில் மூழ்குவதும். தொற்று நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருசிலர்தான். ஆகவே பெரியவர்கள் விஷயத்தில் ஊர்த் தண்ணீரைவிட, இங்கிருந்து நாமே சுமந்து போன வியாதிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், முப்பது வருடம் பால்மரம் சீவியவர். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மருந்துப் பையைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பெட்டி வந்துசேர மூன்று நாள் ஆகிவிட்டது. "மூணு நாள்தானே, கோயில் சாப்பாடுதானே" என்று சும்மா இருந்துவிட்டார். நான்காம் நாள் பழனிப் படியில் பாதி ஏறியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூடப் போன பேரன் உடனே 108-க்கு அடித்தான். தமிழ்நாட்டில் ஆம்புலன்சுக்கு அதுதான் எண். மனுஷன் பிழைத்துக்கொண்டார். இப்போது யார் ஊருக்குப் போனாலும் தேடிப்போய் மருந்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார்!

மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் போட்டு விமானத்தின் சாமான் அறைக்கு அனுப்பாதீர்கள். உறைந்துபோனால் அது வீண். எத்தனை நாள் பயணம் என்று கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி, திரும்பி வந்து ஒரு வாரம் வரைக்கும் போதுமான மருந்து கேளுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழனிக்கு இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. முருகன் படியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இனிப்பு நீர்க்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருக்கும். நடுப்பகலில் கோயில் பிரகாரக் கல் கொதிக்கும். கால் பொசுங்குவது அவர்களுக்குத் தெரியாது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு சுற்றிவிட்டுக் கொப்புளத்தைக் கவனிக்காமல் விட்டால் புண் புரையோடி, இரத்தத்தில் விஷம் ஏறி, காலோ உயிரோ போய்விடும். காலையிலோ மாலையிலோ போங்கள். தினமும் இரவில் உள்ளங்காலை யாராவது வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

விமானத்தை விட்டு இறங்கியதும் வேன் பிடித்து இராத்திரியெல்லாம் ஓடச் சொல்வதும் நம்மவர்கள் வழக்கம். இந்தியாவில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். டிரைவரும் மனுஷன்தான், அவரும் தூங்க வேண்டும்.

ஆனாலும் "தண்ணி ஒத்துக்கலே" என்ற பேச்சு சும்மா வந்ததல்ல. நம் தாத்தா பாட்டிகள் கண்ணால் கண்டது அது. ஜப்பான்காரன் காலத்தில், 1942-43-ல், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய வைத்தியர்கள் இருந்தார்கள். கொதிக்காத தண்ணீரைத் தொடாதே, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கு என்று கண்டிப்பாக நின்றார்கள். அப்படியும் பாதை வேலையில் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். நம்மவர்களுடைய பல முகாம்களில் வைத்தியரே கிடையாது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு கைதிகள் சாவைப்போலப் பல மடங்கு. பேர் எழுதி வைக்கக்கூட ஆள் இல்லை.

உப்புக் கரிக்காத நல்ல தண்ணீர் என்று பேர் வைத்த ஊரில் இருந்துகொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன். ஊரில் கொதித்த தண்ணீரோ மூடி உடையாத போத்தல் தண்ணீரோ குடியுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். தலை தட்டி அளந்து போடுங்கள்; உப்பு கூடக் கூடாது. இனிப்பு நீர்க்காரரானால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்று நம் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிற வங்காளதேசத் தம்பியும் நேப்பாளித் தம்பியும் நம் தாத்தாவைப் போல வெளிநாட்டில் பிழைக்க வந்தவர்கள்தாம். கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேப்பாளத் தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. இருதயக் கோளாறு என்று எழுதப்பட்ட சாவுகள் வெயில் கூடிய மாதங்களில் கூடியிருந்தன. "தூக்கத்தில் போயிட்டான்" என்று எழுதிவிட்டால் காரணம் தேடுவதும் அங்கேயே நின்றுவிடும். வெயிலில் வேலை செய்கிறவன் தலை சுற்றுகிறது என்றாலோ, உளறினாலோ, சோம்பேறி என்று திட்டாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிவிட்டு, 999-க்குச் சொல்லுங்கள். மொழி தெரியாததால் அவன் கிளினிக்குக்குப் போகத் தயங்குவான். கூடப் போங்கள்.

துக்கமான காரியம் நடந்துவிட்டால், இந்தியாவில் போனவர்களின் வீட்டார் சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் இறப்புச் சான்றிதழும் இறந்தவரின் பாஸ்போர்ட்டும் தேவைப்படும். உடலைக் கொண்டுவருவதென்றால் பதப்படுத்திய சான்றும் வேண்டும். செலவு ஆயிரக்கணக்கான வெள்ளி. டிக்கெட் எடுக்கும்போதே பயணக் காப்புறுதி எடுங்கள். இனிப்பு நீரும் இருதய நோயும் அதில் சேருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மறைத்து எடுத்தால் பணம் வராது.

ஒரு தாளில் பேர், இருக்கிற வியாதி, சாப்பிடும் மருந்து, ஒவ்வாத மருந்து, வீட்டு டெலிபோன் நம்பர் ஆகியவற்றைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் பெரியவரின் சட்டைப் பையில் இருக்கட்டும். அம்மாவானால் இடுப்புச் சுருக்குப் பையில்.