கன்னிப்பூவும் கும்பப்பூவும்

நாஞ்சில் நாடு என்று வழங்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு தாலுகாக்களின் கிராமங்களில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்து வளர்ந்த முதியவர்களைத் தம் பால்யப் பிராயத்தைப் பற்றிச் சற்றே பேச வைத்தால், பள்ளிக்கூடத்துக்கும் பண்டிகைக்கும் முன்பாக அவர்கள் தண்ணீரைப் பற்றியே பேசத் தொடங்குவார்கள். மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில், மிஞ்சின் என்னும் ஐரோப்பியப் பொறியாளரின் மேற்பார்வையில், 1897இல் தொடங்கி 1906இல் முடிவுற்ற பேச்சிப்பாறை அணையை ஜூன் மாதத்தில் திறந்துவிட்டதும், கோதையாற்று நீர் தோவாளைச் சானலிலும் அனந்தனார் சானலிலும் இறங்கிக் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு வரும். சானல்கரையில் காத்து நிற்கும் சிறுவர்களுக்கு அதைவிடப் பெரிய உற்சவம் வேறில்லை.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே அநுகூலமாக வாய்த்த பிரதேசம் தமிழ்நாட்டில் வேறு அதிகமில்லை. ஆகையால் இங்கே போகமும் இரண்டு. கொல்லம் ஆண்டுக் கணக்கில் கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ. கும்ப மாதமாகிய மாசியில் அறுப்பது கும்பப்பூ. இவ்விரண்டு அறுப்புகளும் தாம் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டைப் பகுத்துக் காட்டிய அடையாளங்கள். பொழி உயர்த்தி நாற்றுப் பாவும் காலத்தில் சேற்றில் விழுந்து புரண்டது, கதிர் பால் பிடிக்கையில் குருவி விரட்டியது, கும்பப்பூ அறுப்பு முடிந்து அணையை அடைத்த பிறகு வற்றிக்கொண்டிருக்கும் மடைகளில் கைக்கு அகப்பட்ட மீனைப் பிடித்தது என்று ஒவ்வொரு நினைவுக்கும் பயிரின் ஒரு பருவம் சாட்சியாக நிற்கும்.

அறுத்தடிப்புக் களத்தின் சுகத்தைச் சொல்லாமல் இந்தப் பால்யத்தைச் சொல்லி முடிக்க இயலாது. நிலவொளியில் மாடுகள் நெற்கதிர்ச் சூட்டை மிதித்துச் சுற்றிவர, புது வைக்கோலின் மணத்தில் புரண்டு உறங்கியதும், களத்தைச் சுற்றி வந்து அமரும் பண்டக்காரிகளிடம், மண்ணில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கிக் கசக்கிச் சேர்த்த நெல்லைக் கொடுத்து முறுக்கும் பொரிவிளங்காயும் வாங்கித் தின்றதும் ஒவ்வொரு ஊரிலும் சொல்லப்படுபவை. எனினும், கதிர் பொறுக்கிய கைகளெல்லாம் பண்டத்துக்காகவே பொறுக்கின என்று எண்ணிவிடலாகாது. நிலமுடையவர் வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டாயிருந்த அதே காரியம், அந்த வயலில் அறுத்துக் கட்டுச் சுமந்தவளின் பிள்ளைக்கு அன்றைய இரவுக் கஞ்சியாயிருந்தது. நம்முடைய கிராம ஸ்மரணைகளில் பெரும்பாலானவை முதலிற் சொன்ன பிள்ளை எழுதியவை. இரண்டாமவன் எழுதியவை சொற்பம்.

பெண்களுக்கே உரிய ஔவையார் நோன்பும் இத்தகைய நினைவுகளில் ஒன்று. ஆடி, தை, மாசி மாதங்களின் செவ்வாய்க்கிழமைகளில், ஆண்களெல்லாம் உறங்கிய பின்பு, அயல்வீட்டுப் பெண்கள் ஒருவர் வீட்டில் கூடி, உப்பிடாத மாவில் விசித்திரமான உருவங்களிற் கொழுக்கட்டை பிடித்து அவித்துப் படைத்து, கதை கேட்டு, விடியுமுன் தாமே தின்று தீர்ப்பார்கள். ஆண்பிள்ளை என்றால் தொட்டிற் குழந்தைக்குக்கூட அங்கே இடமில்லை. அக்கொழுக்கட்டையைக் கண்ணால் காணவும் கூடாது. அதன் வடிவத்தையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்று உறங்குவது போலப் பாசாங்கு செய்து தோற்றுப்போன சிறுவர்கள் எத்தனையோ பேர். ஆண்டு முழுதும் அடுப்படியில் அடங்கியிருந்த பெண்கள் ஓரிரவேனும் ஆண்களை வெளியே நிறுத்திக் கதவடைத்த இந்த ஏற்பாட்டை வகுத்தவள் எவளோ, அவள் மகா சாமர்த்தியசாலி.

கொடை விழாக்களைப் பற்றி விரிக்கத் தேவையில்லை. சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை நடக்கும் இரவுகளில், வில்லுப்பாட்டுக்காரரின் வீசுகோல் தாளத்தைக் கேட்டபடி புழுதியில் உறங்கிப் போகாத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை. 1908இல் ஒழுகினசேரியில் பிறந்த நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன் பிற்காலத்தில் அதே வில்லைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோனார்.

ஆனால் வீட்டுக்குள் நிலைமை அவ்வளவு இனிமையாய் இருந்ததில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி நிலவிய காலத்தில், குடும்பத் தலைவராகிய காரணவரின் சொத்து அவர் பெற்ற மக்களைச் சேராமல் சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. தகப்பன் வீட்டிலே உண்டு உறங்கி வளர்ந்த பிள்ளை, தகப்பன் கண்ணை மூடியவுடன் அவ்வீட்டுக்கு அந்நியனாகி வெளியே நிற்க நேரிட்டது. 1876இல் தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, குழந்தைகளுக்காகப் பாடிய அதே கையால், ஐந்தாம் மனைவியாய் வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாய்மொழியாக 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியதன் காரணம் இதுவே. கவிமணியைப் பசுவும் கன்றும் பாடியவராக மட்டும் பாடப்புத்தகத்தில் அறிந்தவர்கள் அந்த நூலைத் தேடிப் படிக்க வேண்டும். நகைச்சுவைக்குள் எவ்வளவு கோபம் இருக்கக்கூடும் என்பது விளங்கும். 1926இல் திருவிதாங்கூர் அரசு இயற்றிய சட்டம் மருமக்கள் வழியின் வேரை அறுத்தது.

அதே 1926ஆம் ஆண்டில்தான் சுசீந்திரத்தில் வேறொரு போராட்டமும் மூண்டது. தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடப்பதற்கே சில ஜாதியினருக்கு உரிமை இல்லாதிருந்ததை எதிர்த்து, டாக்டர் எம். இ. நாயுடு முதலியோர் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள்; 1930இலும் அது மீண்டும் எழுந்தது. 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகும் வரையில், மார்கழித் தேரோட்டத்தைத் தகப்பன் தோளிலிருந்து கண்ட பிள்ளைகளும், அவ்வீதிகளுக்குள் கால் வைக்கவும் கூடாதிருந்த பிள்ளைகளும் அவ்வூரை ஒட்டி ஓடும் அதே பழையாற்றின் கரையில்தான் வாழ்ந்தார்கள்.

நெல் விளையும் ஊர்களைத் தாண்டி மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் விளைகளும் பனைகளும் ரப்பர்த் தோட்டங்களும் நிறைந்த வேறொரு உலகம். காலையில் அக்கானி என்னும் பதநீர், உச்சிக்கு மரச்சீனிக்கிழங்கும் சாளை மீனும் என்று உணவும் வேறு. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் வெளியிட்ட 'புத்தம் வீடு' அவ்வுலகத்துச் சிறுமி ஒருத்தியின் கதை. வயது வந்தவுடன் பள்ளி நின்று, வீட்டின் நான்கு சுவர்களுக்குள் லிஸி ஒடுங்கிப்போவதை அதில் வாசிக்கையில், சானல்கரையில் கூத்தாடிய நினைவுகளெல்லாம் பெரும்பாலும் ஆண்களுடையவை என்பது உறைக்கிறது. இவ்வட்டாரத்துப் பால்யத்தை எழுதிய நூல்களில் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம், அப்போது சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன்பு திருவிதாங்கூர் நாணயத்தில் இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டவர்கள் இப்போது எண்பது தொண்ணூறு வயதைக் கடந்தவர்கள். வயல்களிற் பெரும்பகுதி தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. உங்கள் வீட்டில் அத்தகைய மூதாட்டியோ முதியவரோ இருந்தால், எந்தக் குளத்து நீர் எந்த வயலுக்குப் பாய்ந்தது, அங்கே விதைத்த நெல்லின் பெயர் என்ன, அறுத்தவர்கள் யார், அவர்களுடைய பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எத்தனை வகுப்பு வரை படித்தார்கள் என்பவற்றைக் கேட்டு, தயவுசெய்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். முக்கியமாக, கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.