கார் எடுக்க: கடனா, குத்தகையா?

கொழிஞ்சாம்பாறை, மூணாறு பக்கத்து நம்மவர் பலர் பொள்ளாச்சியிலோ தேனியிலோ, உறவினர் முகவரியில், கார் எடுக்கிறார்கள். வங்கிக் கடனானால் ஆர்.சி.யில் பெயர் உங்களுடையது; வங்கியின் பெயர் குறிப்பாக ஏறும். கடன் தீர்ந்ததும் 35-ஆம் படிவம் கொடுத்து அதை நீக்கலாம். 'லீஸ்' என்னும் குத்தகையில் முன்பணம் குறைவுதான். ஆனால் காலம் முடிந்தால் வண்டி பெரும்பாலும் கம்பெனிக்கே. கிலோமீட்டர் வரம்பும் வைப்பார்கள். வாரந்தோறும் போடிமெட்டு இறங்கி ஏறும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது, கடனே மேல்.

பலர் கவனிக்காத ஒன்று: தமிழ்நாட்டு எண் வண்டியைக் கேரளத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி புது எண் பெறவேண்டும். அதற்குக் கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்று தேவை. எழுதிக் கேளுங்கள், 7 நாளில் பதில் இல்லையென்றால் சான்று தந்ததாகவே சட்டம் கொள்ளும். குத்தகைக்காரர்கள், மாநிலம் மாற்ற ஒப்பந்தத்தில் இடமுண்டா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.