கையாற் செய்யும் நத்தார்

மார்கழி வாசலில் வந்து நிற்கின்றது. வாடைக் காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. நத்தார்ப் பண்டிகை கொண்டாடும் இல்லங்களிலே பிள்ளைகள் நாளை எண்ணுகின்றனர்; பெற்றோர் பணத்தை எண்ணுகின்றனர். கடைத்தெருவுக்குச் சென்றால் மின்னும் தாள்களும், வர்ணக் குண்டுகளும், பெட்டிக்குள் மடங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் மரங்களும் கண்ணைப் பறிக்கின்றன. விலையைக் கேட்டதும் நீட்டிய கை தானாகவே பின்வாங்குகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற குடும்பங்கள், அலங்காரத்துக்காகப் பணம் செலவிடுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது இயல்பே.

ஆயினும், நத்தார் அலங்காரம் கடையிலேதான் பிறக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. இன்று உலகெங்கும் அமைக்கப்படும் பாலன் குடிலின் வரலாற்றைப் பாருங்கள். 1223ஆம் ஆண்டிலே, இத்தாலியிலுள்ள கிரெச்சியோ என்னும் மலையூரில், அசிசி நகர்ப் பிரான்சிஸ் அடிகளார் யேசு பிறப்பின் எளிமையை ஊராருக்குக் கண்முன்னே காட்ட விரும்பினார். வைக்கோல் இட்ட ஒரு முன்னணை, ஓர் எருது, ஒரு கழுதை ஆகியவையே அவர் தேடிக்கொண்டவை. இவை யாவும் அவ்வூர்த் தொழுவங்களில் இருந்த பொருள்களே. இருந்ததைக் கொண்டு செய்ததே எண்ணூறு ஆண்டுகளாக நிலைத்து நிற்கின்றது.

இருந்ததைக் கொண்டு செய்தல் என்பதன் பொருளை நான் புத்தகத்திற் படித்து அறியவில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் வலிகாமம் மக்கள் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது எங்கள் குடும்பமும் அந்தக் கூட்டத்தில் நடந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்த ஆண்டு நத்தார், ஒரு பாடசாலை வகுப்பறையில், ஐந்து குடும்பங்களுக்கு நடுவே எங்களுக்கு வந்தது. வீட்டிலே பெட்டியில் வைத்திருந்த நட்சத்திரமும் சுரூபங்களும் வீட்டோடு நின்றுவிட்டன.

நத்தாருக்கு முதல்நாள் மாலை அம்மா வேலியோரம் கிடந்த தென்னோலையில் ஐந்து ஈர்க்குகளைக் கிழித்தெடுத்தார். தமது பழஞ்சேலைக் கரையிலிருந்து சிவப்பு நூலை உருவினார். சில நிமிடங்களில் கையளவான ஒரு நட்சத்திரம் உருவாயிற்று. அதனைக் கரும்பலகையின் ஆணியிலே தொங்கவிட்டார். அயலிலிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, "எனக்கும் பழக்கிவிடுங்கோ, அன்ரி" என்று கேட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் சைவப் பிள்ளைகள். இருட்டுமுன் அந்த அறையில் பன்னிரண்டு நட்சத்திரங்கள் தொங்கின. பெட்டியில் வைத்தது வீட்டோடு போயிற்று; கையிலே கற்றது எங்களோடு வந்தது.

அந்தக் கைப்பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் கொடுக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நத்தாருக்கு முன்னுள்ள திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிறுகள் வருகின்றன. ஞாயிறு ஒன்றுக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டால் அவசரமுமில்லை, களைப்புமில்லை.

முதலாம் ஞாயிறு: இலையும் துணியும்

நாட்கள் எடுக்கும் வேலைகளை முதலிலே தொடங்குதல் நன்று. அரசமிலைகளில் முற்றியனவாகவும் கிழியாதனவாகவும் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, ஒரு பழைய வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். நீர் நாற்றமெடுக்கும், ஆகையால் வாளி கிணற்றுக்கும் அடுக்களைக்கும் தூரத்தில் இருக்கட்டும். மூன்று வாரமளவில் இலையின் சதை அழுகி இளகிவிடும். அப்போது இலையை ஒரு தட்டில் நீருக்குள் வைத்து, பழைய பற்தூரிகையினால் மெதுவாகத் தட்டித் தேய்த்தால் சதை கழன்று, வலைபோன்ற நரம்பு மாத்திரம் எஞ்சும். நல்ல நீரிற் கழுவிப் பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்துங்கள். இதுவே உங்கள் வாழ்த்து மடல்களுக்கு உரிய அலங்காரம். சதை இளகாத இலையைப் பலவந்தமாகத் தேய்த்தல் கூடாது. இன்னும் சில நாட்கள் நீரில் விடுங்கள்.

அன்றே துணிவேலையையும் தொடங்கலாம். பழைய பருத்திச் சேலை, சாரம், சேர்ட் ஆகியவற்றின் பழுதுபடாத பகுதிகளை எட்டு அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள். நான்கு மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தை உள்ளே மடித்துச் சுற்றிவரத் தைத்து, நடுவிலே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத் தையல் போட்டால், அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் கைப்பிடித்துணி கிடைக்கும். இதற்குப் பருத்தித் துணியே வேண்டும். நைலோன் போன்ற துணிகள் சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும். பத்து வயதுப் பிள்ளையும் இதனைத் தைத்துப் பெரியம்மாவுக்கோ மாமிக்கோ பரிசளிக்கலாம்.

இரண்டாம் ஞாயிறு: நட்சத்திரக் கூடு

பட்டம் கட்டத் தெரிந்த பையனுக்கு நட்சத்திரக் கூடு கட்டுதல் கடினமன்று. வேண்டியவை: 26 அங்குல நீளமான மெல்லிய மூங்கிற் சிம்புகள் பத்து, 4 அங்குலத் துண்டுகள் ஐந்து, உறுதியான நூல், பட்டம் ஒட்டுகின்ற மெல்லிய வர்ணக் கடதாசி, பசை.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு மேசைக் கரண்டி கோதுமை மாவைச் சிறிது தண்ணீரிற் கட்டியின்றிக் கரைத்து, மேலும் ஒரு கோப்பைத் தண்ணீர் சேர்த்து, மெல்லிய நெருப்பில் துழாவிக்கொண்டே இருங்கள். வெண்ணிறம் மாறிக் கண்ணாடிபோல் வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு சிம்பிலும் இரண்டு முனைகளிலிருந்தும் 10 அங்குலத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். நடுவில் 6 அங்குலம் எஞ்சும். கொப்பியிலே பென்சிலை எடுக்காமல் ஐந்து கோட்டில் நட்சத்திரம் கீறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே ஒழுங்கில் ஐந்து சிம்புகளை நிலத்தில் அடுக்குங்கள். முனைகள் சந்திக்கும் ஐந்து இடங்களையும், அடையாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களையும் நூலாற் கட்டுங்கள். இவ்வாறே இன்னொரு சட்டமும் செய்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். பின்னர் உள்ளே சிம்புகள் வெட்டும் ஐந்து இடங்களிலும் 4 அங்குலத் துண்டுகளை நிமிர்த்தி, இரண்டு சட்டங்களையும் விலக்கிக் கட்டினால் கூடு நடுவில் உப்பிக்கொள்ளும். சிம்பு தடித்திருந்தால் முறியும்; கையால் வளைத்துப் பார்த்தபின் தெரிவுசெய்யுங்கள்.

முன்புறம், பின்புறம், இடையிலுள்ள ஒடுங்கிய பக்கங்கள் யாவற்றிலும் கடதாசியை ஒட்டுங்கள். விளக்கு வைப்பதற்குப் பின்புறத்தில் ஒரு பகுதியைத் திறந்து விடவேண்டும். கீழ் முனைகள் இரண்டிலும் கடதாசிக் குஞ்சம் கட்டினால் அழகு மிகும்.

மாணவர்கள் ஓர் உண்மையைக் கவனிக்கலாம். 26, 16, 10, 6 என்னும் இவ்வளவுகளில் ஒவ்வொன்றையும் அடுத்ததால் வகுத்தால் ஏறத்தாழ 1.6 வருகின்றது. கேத்திரகணிதத்திலே பொன்விகிதம் என்று கூறப்படும் 1.618 என்ற எண், ஒழுங்கான ஐந்துமுனை நட்சத்திரத்தினுள்ளே இவ்வாறு ஒளிந்திருக்கின்றது. எனவே அளவைக் காற்பங்காகக் குறைத்து, ஆறரை அங்குல ஈர்க்குகளில் இரண்டரை அங்குலத்தில் அடையாளமிட்டால், என் அம்மா கட்டிய கையளவு நட்சத்திரம் கிடைக்கும். அதற்கு ஒரு சட்டமே போதும், கடதாசியும் வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. முற்காலத்தில் கூட்டினுள் மெழுகுதிரி ஏற்றினர். காற்றில் கூடு அசைந்தாற் கணத்திலே தீப்பற்றும். இன்று சூடு மிகக் குறைந்த சிறிய எல்.ஈ.டி. மின்குமிழ்கள் கிடைக்கின்றன, அவற்றையே பயன்படுத்துங்கள். மழைபடும் முற்றத்தில் மின்கம்பி இழுக்காமல், தாழ்வாரத்தினுள்ளே கூட்டைத் தொங்கவிடுவது நலம்.

மூன்றாம் ஞாயிறு: குடிலும் மரமும்

குடிலுக்கு ஒரு சவர்க்காரப் பெட்டி அல்லது பிஸ்கற் பெட்டி போதும். முன்பக்கத்தை வெட்டி எடுத்து, கூரையிலே வைக்கோலையோ காய்ந்த பனையோலைக் கீற்றுகளையோ பரப்பி நூலாற் கட்டுங்கள். வயலோரக் களிமண்ணிற் கல் நீக்கிப் பிசைந்து மரியாள், சூசை, பாலன், இடையர், ஆடுமாடு ஆகியோரைப் பிள்ளைகளே செய்யட்டும். ஆடு நாய்போல் இருந்தாற் சிரிக்கவேண்டாம். உருவங்களை நிழலில் மெதுவாகக் காயவைத்தால் வெடிப்புக் குறையும்.

புல்வெளிக்கு வழி இது: நெல்லை அல்லது குரக்கனை ஓர் இரவு ஊறவைத்து, மண் நிரப்பிய சிரட்டைகளிலும் பாற்பேணி மூடிகளிலும் நெருக்கமாக விதையுங்கள். தினமும் நீர் தெளித்தால் பத்து நாளளவில் பச்சைப்பசேலென்று நிற்கும். குடிலைச் சுற்றி அவற்றை அடுக்கினால் பெத்லகேமின் இடையர்கள் மட்டுவில் வயலில் நிற்பதுபோல் இருக்கும்!

மரத்துக்காக ஒரு சவுக்கை அடியோடு வெட்டுதல் வேண்டாம். கரையோரத்திலே காற்றைத் தடுத்து மணலைப் பிடித்து நிற்பது அது. ஒரு கிளை போதும். மணல் நிரப்பிய வாளியில் அதனை நிறுத்தி, வாளியைப் பழைய துணியால் மூடிவிடுங்கள். எழுதி முடித்த அப்பியாசக் கொப்பித் தாள்களை ஓர் அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமுமாக வெட்டி, வர்ணம் தீட்டி, வளையத்துள் வளையமாக ஒட்டினால் சங்கிலி தயார். ஈர்க்கு நட்சத்திரங்களை இடையிடையே தொங்கவிடலாம். வெட்டிய கிளை காயக் காயத் தீப்பற்றும் தன்மை கூடும்; அதன் அருகிலே விளக்கோ மெழுகுதிரியோ வைக்கவேண்டாம்.

நான்காம் ஞாயிறு: மடலும் பரிசும்

1843ஆம் ஆண்டில் இலண்டனிலே ஹென்றி கோல் என்பவர், நண்பர்கள் அனைவருக்கும் கடிதம் எழுத நேரமின்றி, ஓவியர் ஹோர்ஸ்லியைக் கொண்டு படம் வரைவித்து அச்சிட்டதே முதலாவது நத்தார் வாழ்த்து மடல் என்பர். நேரமில்லாமையாற் பிறந்த மடல் அது. நாமோ நேரத்தையே பரிசாக வைத்து மடல் செய்வோம். தடித்த தாளை இரண்டாக மடித்து, மேற்புறத்தில் உலர்ந்த அரசமிலை நரம்பை மிக மெல்லிய பசையால் ஒட்டுங்கள். உள்ளே அச்சடித்த வசனம் வேண்டாம். "சென்ற ஆண்டு நான் காய்ச்சலாய்க் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தீர்களே, மறக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினாற் போதும். அந்த மடலை எவரும் எறியமாட்டார்.

பலகாரம் வழங்குவோர் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகப் பனையோலைப் பெட்டியையோ குட்டானையோ பயன்படுத்தலாம். பயற்றம் பணியாரமும் அச்சுப் பலகாரமும் அதனுள் இருக்க, வாயைச் சிவப்பு நூலாற் கட்டினால் வேறு அலங்காரம் தேவையில்லை. உங்களுக்கு ஓலை பின்னத் தெரியாதெனில், பின்னத் தெரிந்த அயலவரிடம் வாங்குங்கள். அவருடைய வீட்டிலும் அடுப்பெரியும்.

எல்லாவற்றிலும் மேலான பரிசொன்றைச் சொல்லி முடிக்கின்றேன். நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, பாட்டியின் அருகில் அமர்ந்து, அவரது கைப்பக்குவங்களை அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். ஒடியற் கூழுக்கு எத்தனை கைப்பிடி மா, நத்தார்க் கேக்கிற்கு எப்போது பழங்களை ஊறவைப்பது, யார் வீட்டிற்கு முதற்றட்டுப் பலகாரம் அனுப்புவது என்பன யாவும் அதில் இடம்பெறட்டும். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் சித்தப்பாவுக்கு அதன் படியொன்றை அனுப்பிப் பாருங்கள். கடையில் வாங்கிய எப்பொருளும் தராத மகிழ்ச்சியை அது தரும்.

என் அம்மா இப்போது இல்லை. அவர் கட்டிய நட்சத்திரமும் அந்த வகுப்பறையின் ஆணியோடு போய்விட்டது. ஆயினும் ஒவ்வொரு மார்கழியும் நான் ஐந்து ஈர்க்குகளை எடுத்து என் மகளிடம் கொடுக்கின்றேன். சென்ற ஆண்டு அவள் அதனை எங்கள் பக்கத்து வீட்டுச் சைவச் சிறுமிக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். இவ்வாண்டு நத்தாருக்கு உங்கள் வீட்டிலும் ஒரு நட்சத்திரமாவது பிள்ளைகளின் கையாற் பிறக்கட்டும்.