தாய்க் கொட்டாரமும் அதைச் சூழ்ந்த மாளிகைகளும்

கோட்டாற்றில் புனித தேவசகாயத்தின் கல்லறையைத் தரிசிக்கத் தொண்டிக் கரையிலிருந்து செல்லும் நம் குடும்பங்கள், தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் கண்டு வருதல் நன்று.

இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி எடுத்த இராமலிங்க விலாசம் பருத்த சுவர்களோடு நிற்கும் ஒரே கட்டடம். பத்மநாபபுரமோ, ஒரு வீடு தலைமுறைதோறும் பெருகி அரண்மனையான கதை. ஏறத்தாழ ஆறரை ஏக்கரில் பரவிய மாளிகைகளுள் மிகப் பழையது தாய்க் கொட்டாரம். நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பலா மரத்தில் கடைந்த ஒற்றைத் தூண். முற்றத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்க்கு இது அயலன்று.

1601-ஆம் ஆண்டு வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் இங்கு அரண்மனை எழுப்பினார் என்பர். மார்த்தாண்ட வர்மர் (1729–1758) அதனைப் பெரிதும் விரித்தார். ஆயினும் தாய் வீட்டை இடிக்கவில்லை. தேக்கு நிலைகளைப் பெயர்த்து விற்றுவிட்டுச் சிமெண்டு வீடு கட்டும் நம் காலத்தவர் இதனைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாளிகைக்கும் சரிந்த ஓட்டுக்கூரை தனியே உண்டு. இடையே முற்றங்களும் நடைகளும் இணைக்கின்றன. ஆகவே பழைய கூரையைப் பிரிக்காமலே புதியதை அருகில் சேர்க்க முடிந்தது. இங்கிலாந்தில் கென்ட் நாட்டிலுள்ள நோல் மாளிகையும் இவ்வாறே வளர்ந்தது. 1456-இல் கான்டர்பரிப் பேராயர் ஒருவர் வாங்கிய அவ்வீடு, பின்னர் அரசர் கைக்கும் பிரபுக்கள் கைக்கும் மாறி, முற்றத்தோடு முற்றம் சேர்ந்து பெருகிற்று.

1750 அளவில் நான்கு நிலை உப்பரிகை மாளிகை எழுந்தது. கீழே கருவூலம், மேலே அரசர் துயிலறை, உச்சியில் பத்மநாப சுவாமிக்கென ஓவியச் சுவர்களுடன் ஓர் அறை. அந்நாட்களில்தான், இதே அரசரின் பணியில் இருந்து 1745-இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம், 1749 முதல் விலங்கிடப்பட்டு வதைபட்டார். 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசரின் மருந்து மரக் கட்டிலை வியந்து நிற்பவர் இதனையும் நினைத்தல் தகும்.

மர வேலைப்பாடுகளின் நடுவே நவராத்திரி மண்டபம் மட்டும் கல்லால் ஆனது. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியன சேர்த்து இழைத்த கருந்தரை முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிறது. வெளிநாட்டு விருந்தினர்க்கென அமைந்த இந்திர விலாசத்தில் கதவுகளும் சாளரங்களும் பெரியனவாகிவிட்டன. விருந்தாளிக்கேற்ப வீடும் மாறியது போலும்!

1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956-இல் இவ்வட்டாரம் நம் மாநிலத்தோடு இணைந்த பின்னும் அரண்மனையைக் கேரள அரசே பேணி வருகிறது. திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், பயணத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்க.