புல்லைக் காப்பதும் ஒரு கல்வியே

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே திருவல்லிக்கேணித் தெருக்களில் ஆடுகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. வாலாஜாப் பெரிய பள்ளிவாசலைச் சுற்றியுள்ள சந்துகளில் வீட்டு வாசல்களிலும் மாடிப்படிகளின் அடியிலும் அவை கட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் தழை ஊட்டி மகிழ்வார்கள். அந்தக் குர்பானி ஆடு உங்கள் வாசலை அடையுமுன் எந்த நிலத்தில் மேய்ந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அந்த நிலத்தைப் பேணுவதே இன்று ஒரு தனிக் கல்வியாகவும் தொழிலாகவும் வளர்ந்துள்ளது. நம் பிள்ளைகளுள் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள்.

மார்க்கத்திற்கு இது புதிதன்று. மதீனாவை அடுத்த நகீஃ என்னும் புல்வெளியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொதுத்தேவைக்கெனப் பாதுகாத்தார்கள். இத்தகைய நிலத்திற்கு ‘ஹிமா’ என்று பெயர். பின்னர் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஒரு ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக அமர்த்தியபோது இட்ட கட்டளை புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவரை உள்ளே விடவேண்டும். செல்வர்களான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்றார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் பேரீச்சந்தோட்டமும் வயலும் அவருக்குக் கைகொடுக்கும். ஏழையின் கால்நடை மடிந்தாலோ, அவர் மக்களோடு ஆட்சியாளரிடம் வந்து நிற்பார். அப்போது பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட இப்போது நீரும் புல்லும் கொடுப்பது எளிதன்றோ!

எவர் மேய்க்கலாம், எத்தனை மேய்க்கலாம் என்னும் அதே கணக்கைத்தான் இன்றைய மேய்ச்சல் நில வல்லுநரும் போடுகிறார்.

நம் கொங்கு நாட்டில் அந்தக் கணக்கை ஏட்டறிவின்றியே அறிந்தவர்கள் உண்டு. காங்கயம், மூலனூர்ப் பகுதிகளின் ‘கொறங்காடு’களைப் பாருங்கள். மழை குறைந்த சரளை நிலத்தைச் சுற்றிக் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்ச்சல் முடிந்ததும் அடுத்ததற்கு ஓட்டுவர். மழைக்குப்பின் புல் தழைத்து விதை உதிரும்வரை ஓய்வு தருவர். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இத்தகைய நிலங்களில் வளர்பவை.

கணக்குத் தவறினால் என்னாகும் என்பதற்குக் குஜராத்தின் கட்ச் மாவட்டத்திலுள்ள பன்னி புல்வெளி சான்று. அங்கு எருமை மேய்க்கும் மால்தாரிகளுள் பெரும்பாலோர் நம் முஸ்லிம் சகோதரர்களே. உப்புநிலம் பரவுவதைத் தடுக்க 1961 முதல் வனத்துறை அங்கே சீமைக்கருவேலை நட்டது. அதன் நெற்றுகளைத் தின்ற கால்நடைகளின் சாணத்தின் வழியே விதை பரவி, புல் இருந்த இடமெல்லாம் முள்ளானது. இராமநாதபுரத்தாருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை! மால்தாரிகள் இரவில் மேய்த்து வளர்க்கும் பன்னி எருமை 2010 இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. முள்ளை அகற்றிப் புல்லை மீட்கும் பணியில் அறிவியலாளரும் மேய்ப்பரும் அங்கே இணைந்து உழைக்கின்றனர்.

இத்துறைக்கு வழி உங்கள் வீட்டருகிலேயே தொடங்குகிறது. வேப்பேரியில் 1903 இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, திருவல்லிக்கேணியிலிருந்து சிறிது தொலைவே. வனவியல் பயில மேட்டுப்பாளையத்தில் கல்லூரி உண்டு. கால்நடை மருத்துவம், வனவியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் பட்டம் பெற்றோர் இந்திய வனப்பணித் தேர்வு எழுதலாம். ஆராய்ச்சியில் நாட்டமுடையோருக்கு, 1962 இல் ஜான்சியில் நிறுவப்பட்ட இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 2026 ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்ததையும் இங்கே குறிப்பிடலாம்.

வெயிலில் அலையவேண்டும்; பணியிடங்களும் ஏராளமில்லை. இதை மறைப்பது முறையன்று. எனினும் “ஆடு மாட்டுப் படிப்பா?” என்று முகம் சுளிக்குமுன், வரும் பெருநாளில் வாசலில் கட்டியிருக்கும் ஆட்டின் ஊரை, பிளஸ் டூ முடித்த உங்கள் மகனையோ மகளையோ வியாபாரியிடம் கேட்டுவரச் செய்யுங்கள்.